வால்கொழுப்பும் ஈரலும்

ஆட்டை அறுத்ததும் அதன் நுரையீரலைச் சுடச்சுட நாய்க்கு வீசுவது எங்கள் கரா-ஜார் ஊரில் வழக்கம். வழக்கம் என்றால் காரணம் கேட்கக் கூடாது. அறுத்தவன் கத்தியைத் துடைப்பதற்குள் நாய்கள் வந்து நின்றுவிடும். நுரையீரலிலும் ஈரலிலும் நீர்க்கொப்புளம் இருந்தால் இன்னும் சீக்கிரமாக எறிவான், மனிதன் தின்ன ஆகாது பாருங்கள். நாய் தின்னும். நாயின் குடலில் புழு வளரும். அந்த நாயைக் கட்டிக்கொண்டு புரளும் குழந்தையின் வயிற்றில் போய் அதே கொப்புளம் மறுபடி முளைக்கும். இதை ஊருக்கு யாரும் சொல்லாமல் இல்லை. எல்லோரும் கேட்டார்கள், தலையாட்டினார்கள், அடுத்த ஆட்டை அறுத்தபோது மறுபடி எறிந்தார்கள்.

கலிச்சா ஒருத்திதான் நிறுத்தினாள். அதுவும் மகளின் வயிற்றைக் கிழித்த பிறகு.

மகள் அய்ஜிரெக்குக்கு அப்போது ஒன்பது வயது. ஈரலில் ஆப்பிள் அளவுக்குக் கொப்புளம். நாரின் நகரத்து ஆஸ்பத்திரியில் வைத்து மார்க்கூட்டிலிருந்து தொப்புள் வரை கிழித்து எடுத்தார்கள். பிள்ளை கண் விழிக்கும் வரை கூட அவள் அப்பன் ஷெர்மாத் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்தான், சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியை எடுத்தான், சங்கிலியில் கட்டியிருந்த கிழட்டு நாயைச் சுட்டான். எசமான் ஊரிலிருந்து வந்துவிட்டான் என்று அது வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. முதல் குண்டு சரியாகப் படவில்லை. இரண்டாவதற்குள் அது ஊளையிட்ட ஊளையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

இதைக் கேள்விப்பட்ட டாக்டரம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் கலிச்சாவைப் பிடித்துக்கொண்டார்.

"நாயை எதுக்கும்மா சுட்டீங்க? அதுவா போய் ஆட்டை அறுத்துச்சு? பச்சையா தூக்கிப் போட்டது யாரு?"

போட்டது கலிச்சாவின் கைதான். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே ஊர் திரும்பினாள்.

அடுத்த வசந்தத்தில் ஆட்டு மந்தைக்குக் காவல் வேண்டுமென்று ஷெர்மாத் ஒரு குட்டியைக் கோணிப்பையில் கொண்டுவந்தான். கழுத்தில் வெள்ளை வளையம், அதனால் மொய்னோக் என்று பெயர். காவல் நாய்க்குக் காதை வெட்ட வேண்டும், ஓநாய் பிடித்து இழுக்காமல் இருக்க. வெட்டுவதற்கு ஷெர்மாத்தின் அண்ணன் மாம்பெத் வந்தார். ஆட்டு மயிர் வெட்டும் கத்தரிக்கோலால் இரண்டே வெட்டு. குட்டி வீறிட்டது, ரத்தம் அவர் முழங்கை வரை வழிந்தது. வெட்டிய காதுகளைக் கரியில் வாட்டி அதே குட்டிக்குத் தின்னக் கொடுத்தால் ஆயுசுக்கும் ஆத்திரம் அடங்காது என்பது மாம்பெத்தின் கணக்கு. அவர் வாட்டிய காதை நீட்டியபோது கலிச்சா அதைத் தட்டிவிட்டாள். காது அடுப்புக்குள் விழுந்து பொசுங்கியது.

மாம்பெத்துக்கு முகம் கறுத்துவிட்டது. கணவனின் அண்ணன் பெயரைக்கூட வாயால் சொல்லக் கூடாத வீட்டு மருமகள், கையைத் தட்டிவிடுகிறாள்!

"ஷெர்மாத், உன் பொண்டாட்டிக்குத் திமிரு ஏறிப்போச்சுடா."

அன்று இரவு ஷெர்மாத் அவளை அடித்தான். அண்ணன் சொன்ன நாட்களில் அடிப்பான், சொல்லாத நாட்களில் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வான். சரியான ஆள்!

அதன் பிறகு மொய்னோக்குக்குக் கலிச்சா வைத்ததுதான் சாப்பாடு. முற்றத்து ஓரத்தில் தனிக் கொப்பரை, தனி அகப்பை, அடியில் சாணி வறட்டி. நுரையீரலும் இதயமும் இரைப்பையும் வெந்து கரையும் வரை கொதிக்க வேண்டும், அதுதான் முதல் சட்டம். அதோடு உமி நீக்கிய பார்லி, டர்னிப், கேரட். வசந்தத்தில் இளம் செந்தட்டி இலை. முட்டை ஓட்டைக் காயவைத்து மர உரலில் மாவாக இடித்து ஒரு சிட்டிகை. வெங்காயம் கிடையாது, உப்பு கிடையாது, வெந்த எலும்பு கிடையவே கிடையாது, அது உடைந்து குடலைக் குத்தும். ஈரல் எப்போதாவது உள்ளங்கை அகலம், அதற்கு மேல் போனால் கெடுதல். பனிக்காலத்தில் கூடவே, எங்கள் ஆடுகளின் கொழுத்த வாலில் அரிந்த ஒரு துண்டு வால்கொழுப்பு. ஆற வைத்து, கையை விட்டுச் சூடு பார்த்து, தட்டில் கொட்டி, "தின்னு" என்பாள். அவள் சொல்லும் வரை மொய்னோக் எச்சில் ஒழுக உட்கார்ந்திருக்கும். நாயின் மயிர் பளபளக்கிறதா, கழிவு இறுகியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். ஊருக்கு வேறென்ன வேண்டும் சிரிக்க?

அந்த ஈரலையும் வால்கொழுப்பையும் ஒருநாள் மாம்பெத் பார்த்துவிட்டார். எங்கள் பக்கத்தில் இவை இரண்டையும் அவித்து, மெல்லிசாக அரிந்து, ஒரே தட்டில் வைத்தால் அது சம்பந்திகளுக்குத்தான். பெண் கேட்டு வந்தவர்கள் அதைத் தின்றுவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு எவனும் பின்வாங்க முடியாது, வாங்கினால் ரத்தம்தான்.

"அடேயப்பா, சம்பந்தி விருந்தா! ஏம்மா, உன் பொண்ணுக்கு மாப்பிள்ளை இந்த நாயா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார் மாம்பெத். "வயித்துல தழும்பு போட்ட பொண்ணுக்கு இதுவே ஜாஸ்திதான்!"

தெரு சிரித்தது. ஷெர்மாத்தும் சிரித்தான். கலிச்சா கொப்பரையைக் கிண்டிக்கொண்டிருந்தாள். உள்ளே அய்ஜிரெக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வேக வைத்த சோறு தின்னும் நாய் பூனையாகிவிடும் என்பது மாம்பெத் கட்சி. மொய்னோக்குக்கு நான்கு வயதானபோது அந்தக் கட்சிக்கு ஓநாய்களே பதில் சொல்லிவிட்டன. பனி உருகும் காலம், குட்டி போடும் ஆடுகள் பட்டியில். மூன்று ஓநாய்கள் விடியலில் சுவரேறின. ஷெர்மாத் துப்பாக்கியோடு ஓடியபோது ஐந்து ஆடுகள் தொண்டை கிழிந்து துடித்துக்கொண்டிருந்தன, ஒன்று தன் குடலைத் தானே மிதித்துக்கொண்டு ஓடியது. சுவர் மூலையில் மொய்னோக் ஒரு ஓநாயின் குரல்வளையைக் கவ்வி முழு உடம்பாலும் உதறிக்கொண்டிருந்தது. ஓநாய் செத்த பிறகும் விடவில்லை. மொய்னோக்கின் விலாவில் இன்னொரு ஓநாய் கிழித்த கிழிப்பில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. கலிச்சா குதிரை வால் மயிரால் தைத்தாள். இரண்டு வாரம் எலும்புச் சாறும் பார்லிக் கஞ்சியும் கரண்டியால் ஊட்டினாள். ஊரின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

சிரிப்பு குறைந்தால் மாம்பெத்துக்குத் தூக்கம் வருமா? அய்ஜிரெக்குக்குப் பத்தொன்பது முடிந்ததும் அவரே மாப்பிள்ளை கொண்டுவந்தார். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்து சமூதின். சண்டை நாய் வளர்ப்பவன். முதல் மனைவி ஓடிப்போய்விட்டாள்.

"தழும்பு இருந்தா பரவாயில்லைங்கிறான். இவனை விட்டா எவன் வருவான்?" என்றார் மாம்பெத்.

"வேண்டாங்க பெரியவரே," என்றாள் கலிச்சா.

"உன்னை யாரு கேட்டா? ஷெர்மாத், நான் வாக்குக் கொடுத்துட்டேன்."

ஷெர்மாத் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

கலிச்சா ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனாள். சமூதினின் முதல் மனைவி வெனேரா அங்கே நூலும் ஊசியும் விற்கிறாள் என்று கேள்வி. கண்டுபிடிக்க வெகு நேரமாகவில்லை. தாடை ஒரு பக்கம் கோணி, பேச்சு மறுபக்கமாக வந்தது.

"அவனைப் பத்தி விசாரிக்க வந்தேன்மா," என்றாள் கலிச்சா.

வெனேரா நூல்கண்டைக் கீழே வைத்தாள். "பொண்ணு யாரு, உங்க பொண்ணா?"

"ஆமா."

"நாய் ஜெயிச்ச நாள்ல நல்லவன்தான் அக்கா. இனிப்புகூட வாங்கிட்டு வருவான்." வாயைத் திறந்து காட்டினாள். கீழ் வரிசையில் பல்லே இல்லை. "இது நாய் தோத்த நாள். வயித்துல பிள்ளை இருந்துச்சு, அதுவும் அன்னைக்குத்தான் போச்சு. நாய் எத்தனை நாளைக்கு அக்கா ஜெயிக்கும்?"

கலிச்சா வீட்டுக்கு வந்து ஷெர்மாத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அண்ணன் வாக்குக் கொடுத்துட்டாரு," என்றான். அய்ஜிரெக் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தாள்.

"அம்மா, நான் ஓடிப்போயிடட்டுமா?"

"எங்கேடி ஓடுவே? பிடிச்சுட்டு வந்து அடிப்பானுங்க. தட்டு வைக்கிற வரைக்கும் எதுவும் முடியலே. பாப்போம்."

என்ன பார்ப்பது என்று அவளுக்கே தெரியாது. பெற்ற வயிறு, ஏதோ சொல்ல வேண்டியிருந்தது.

குறித்த நாளில் வேன் வந்தது. பெண் கேட்கும் நாளில் மாப்பிள்ளை வரக் கூடாது, ஆனால் வண்டி ஓட்ட ஆளில்லை என்று சமூதினே ஓட்டி வந்தான். அகன்ற தோள், சிவந்த முகம், சிரிக்கும்போது அழகாகத்தான் இருந்தான், பாவி. கூட அவன் சித்தப்பா தொக்தோசுன், இன்னும் சில உறவினர்கள். வேனின் பின்பக்கத்தில் காராபாஷ் என்ற அவனுடைய சண்டை நாய், கம்பியை மென்றுகொண்டிருந்தது. விலா எலும்பெல்லாம் தெரிந்தது. பட்டினி போட்டு, பச்சை நுரையீரலில் மிளகாய்த்தூள் தடவிக் கொடுத்து வளர்த்த நாய்.

முற்றத்தில் ஆட்டை அறுத்தார்கள். கலிச்சா ஈரலையும் வால்கொழுப்பையும் சமையல் கொட்டகைக்கு எடுத்துப் போனாள். சமூதின் முற்றத்தைச் சுற்றி வந்தவன், நாய்க் கொப்பரையின் மூடியைத் திறந்தான்.

"இதென்ன, கேரட்டா?" அவன் சிரித்துச் சிரித்துக் குனிந்தான். "சித்தப்பா, இங்க வந்து பாருங்க! நாய்க்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு! இந்த வீட்ல பொண்ணு எடுத்தா என் நாய்ங்க எல்லாம் முட்டை போடும்!"

மாம்பெத்தும் சிரித்தார். "நான் எத்தனை தடவை சொல்லிட்டேன்!"

"இப்பவே காட்டிடறேன்," என்று சமூதின் போய் வேனின் கதவைத் திறந்துவிட்டான்.

மொய்னோக் சங்கிலியில் கட்டியிருந்தது. கட்டிப் போட்ட நாய்மேல் நாயை ஏவுகிறவன் மனிதனா? காராபாஷ் பாய்ந்த வேகத்தில் சங்கிலி மொய்னோக்கின் கழுத்தைச் சுற்றி இறுக்கியது. நாக்கு நீலமாகிவிட்டது, முகத்தோல் கிழிந்து தொங்கியது. கலிச்சா கொட்டகையிலிருந்து ஓடி வந்து இரண்டு வாய்களுக்கும் நடுவே கையை விட்டாள். யாருடைய பல்லோ அவள் உள்ளங்கையைத் துளைத்து மறுபக்கம் வந்தது. அவள் சங்கிலிக் கொக்கியை விடவில்லை. கழற்றினாள்.

அதன் பிறகு சண்டை நீளவில்லை. மொய்னோக் கழுத்தைத் தேடவே இல்லை. தலையைத் தாழ்த்திக் காராபாஷின் முன்னங்காலைக் கவ்வியது. எலும்பு முறிந்த சத்தம் வீட்டுக்குள் இருந்தவர்களுக்கும் கேட்டது. காராபாஷ் அலறிக்கொண்டு மல்லாந்து வயிற்றைக் காட்டியது. மொய்னோக் அதன்மேல் நின்று உறுமியது, பிறகு விட்டுவிட்டுக் கொப்பரை அருகே போய்ப் படுத்துக் காயத்தை நக்கியது. வயிறு நிறைந்த நாய், கொல்ல வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

சமூதின் சிரித்த முகம் மாறாமலே வேனுக்குப் போனான். டயர் கழற்றும் இரும்புக் கம்பியோடு வந்தான். மூன்று காலில் தவழ்ந்து தன் எசமானின் பூட்ஸை நக்க வந்த காராபாஷின் முதுகில் முதல் அடி விழுந்தது. அடுத்தது தலையில். அது அசையாமல் கிடந்த பிறகும் அவன் அடித்தான். மூச்சு வாங்கியது, மறுபடி அடித்தான். ஜன்னலில் அய்ஜிரெக் நின்றிருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் அவள் கை வயிற்றுத் தழும்பைப் பொத்தியது.

"போதும்டா, சட்டையில ரத்தம் தெறிக்குது," என்றார் தொக்தோசுன். "கையைக் கழுவிட்டு வா, சாப்பிடணும்."

கை கழுவத் தண்ணீர் ஊற்ற வேண்டியவன் வீட்டுக்காரன். ஷெர்மாத் செம்பைப் பிடித்து ஊற்றினான். சமூதினின் விரல்களிலிருந்து சிவப்பாக வழிந்து தட்டத்தில் விழுந்தது. ஷெர்மாத் மறு கையால் மேலங்கியைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டான்.

"என்ன மாமா, குளிருதா?" என்றான் சமூதின்.

எல்லோரும் உள்ளே போய் வரிசையாக உட்கார்ந்தார்கள். கதவு திறந்தே இருந்தது. மாம்பெத் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, தட்டைக் கொண்டா! சம்பந்திங்க காத்திருக்காங்க."

கலிச்சா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு தட்டை எடுத்தாள். ஈரல் மெல்லிசாக அரிந்தது, மேலே வெள்ளை வால்கொழுப்பு, ஆவி பறந்தது. கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில் முற்றம். முற்றத்தில் மண்டை உடைந்த காராபாஷ். இந்தப் பக்கம் மொய்னோக். கலிச்சாவின் கால்கள் வீட்டுப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தன. ஜன்னலைப் பார்த்தாள். மகள் அழவில்லை, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள், அதுதான் தாங்க முடியவில்லை.

கலிச்சா திரும்பினாள். கொப்பரை அருகே போய்க் குனிந்து தட்டைத் தரையில் வைத்தாள். சூடு ஆறிவிட்டதா என்று பழக்கத்தில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"தின்னு," என்றாள்.

மொய்னோக் தின்றது. உள்ளே இருந்த அத்தனை பேரும் கதவு வழியாகப் பார்த்தார்கள். நாக்கு தட்டை நக்கும் சத்தம் வரை கேட்டது.

மாம்பெத் செருப்பில்லாமல் காலுறையோடு ஓடி வந்தார். கையில் குதிரைச் சாட்டை. வாரால் அடிக்கவில்லை, கட்டைப் பிடியைத் திருப்பி அவள் வாயில் அடித்தார். கலிச்சா பல்லும் ரத்தமுமாகத் துப்பிக்கொண்டு விழுந்தாள். விழுந்த இடத்திலும் தட்டுக்கும் அவர்களுக்கும் நடுவில்தான் கிடந்தாள்.

"எங்களை நாய்க்குக் கீழே வச்சுட்டாளா!" சமூதின் கம்பியோடு வந்தான். அவள் தலைக்கு நேராக ஓங்கினான். மொய்னோக் தட்டிலிருந்து வாயை எடுத்தது, அந்த மணிக்கட்டைக் கவ்வியது. காராபாஷின் காலுக்கு வந்த அதே சத்தம் மறுபடி வந்தது. சமூதின் போட்ட கூச்சல் ஆணுடையதா பெண்ணுடையதா என்று தெரியவில்லை.

"டேய் ஷெர்மாத்! துப்பாக்கியை எடுடா! சுடுடா அந்த நாயை!" மாம்பெத் தொண்டை கிழியக் கத்தினார்.

ஷெர்மாத் போனான். அதே சுவர், அதே துப்பாக்கி. வெளியே வந்து நின்றான். எசமானைப் பார்த்ததும் மொய்னோக் சமூதினின் கையை விட்டுவிட்டு, கிழிந்த முகத்தில் கொழுப்பு ஒட்டியிருக்க, வாலை ஆட்டியது. ஷெர்மாத் அந்த வாலையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் உதடு கோணியது. அழப்போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"சுடுடான்னா!"

"எப்படிண்ணே சுடுறது?" என்றான் ஷெர்மாத். "தட்டுல ஒரு துண்டு மிச்சமில்லை. சம்பந்தி ஆயிட்டாரே."

"என்னடா உளர்றே?"

"நீதானே அண்ணே அன்னைக்குத் தெருவுல நின்னு சொன்னே. ஊரே கேட்டுச்சு. பேச்சு முடிஞ்சது. இனி எவனும் பின்வாங்க முடியாது." துப்பாக்கியின் வாய் மெதுவாகத் திரும்பி, கையைப் பிடித்துக்கொண்டு முனகிய சமூதினின் நெஞ்சுக்கு வந்து நின்றது. "வண்டியில ஏறு. உன் செத்த நாயையும் தூக்கிட்டுப் போ."

ஷெர்மாத் தன் அண்ணனை எதிர்த்துப் பேசியது வாழ்க்கையில் அன்றுதான். தொக்தோசுன்தான் வண்டியை ஓட்டிப் போனார். செத்த நாயை அவர்கள் எடுக்கவில்லை. ஷெர்மாத்தே ஆற்றோரம் குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்து, குடிக்காமல் படுத்துக்கொண்டான்.

மாம்பெத் அதன் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. விருந்துகளில் ஷெர்மாத்துக்குக் கடைசி இடம், ஆட்டில் யாரும் விரும்பாத துண்டு. நாய்க்குச் சம்பந்தி வீடு என்பதே அந்த வீட்டின் பெயராகிவிட்டது. அவமானம்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஷெர்மாத் சில இரவுகளில் பழையபடி குடிக்கிறான், ஆனால் கை நீட்டுவதில்லை.

கலிச்சாவுக்கு முன்பல் போய்விட்டது, தாடை சரியாகச் சேரவில்லை, கறியை மெல்ல முடியாது. மொய்னோக்குக்கும் வயதாகிப் பல் ஆடுகிறது. இப்போது கொப்பரை அய்ஜிரெக் கையில். நுரையீரல் கரையும் வரை கொதிக்க வைக்கிறாள், பார்லியைக் குழைக்கிறாள், கேரட்டை மசிக்கிறாள். முதலில் ஒரு கிண்ணம் எடுத்து உப்புப் போட்டு அம்மாவுக்கு. மீதி உப்பில்லாமல் தட்டுக்கு. கலிச்சாவும் மொய்னோக்கும் முற்றத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், சத்தமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

போன வாரம் தண்ணீருக்குப் போன பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன கலிச்சா அக்கா, சம்பந்தி சௌக்கியமா?"

கலிச்சா வாயில் இருந்த கஞ்சியை நிதானமாக விழுங்கினாள்.

"சௌக்கியம்தான்டி," என்றாள். "பொம்பளையை அடிக்கிறதில்லே."